மார்த்தாண்டத்தில் கார் ஏறி அமெரிக்காவில் இறங்கும் வரை: எகானமி வகுப்பில் உடம்பு நோகாமல் போய்ச் சேர ஒரு முழுமையான வழிகாட்டி

குமரி மாவட்டத்திலிருந்து பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் போகிற அம்மா அப்பாக்கள் பலரும் திருவனந்தபுரத்தில்தான் விமானம் ஏறுகிறார்கள். துபாய், தோஹா, அபுதாபி வரை முதல் விமானம் சுமார் 4 மணி நேரம். அதை எப்படியும் தாக்குப்பிடித்துவிடலாம். அடுத்த விமானம்தான் ஆளை அசத்திவிடும். துபாயிலிருந்து நியூயார்க்குக்கு சுமார் 14 மணி நேரம், சான் பிரான்சிஸ்கோவுக்கு சுமார் 16 மணி நேரம்.

இந்தப் பயணம் சுகமாக இருக்குமா என்பது பெரும்பாலும் விமானம் ஏறுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. சீட், சாப்பாடு, வீல்சேர் எல்லாவற்றுக்கும் ஒரு கெடு உண்டு. கெடு தாண்டினால் கெஞ்சித்தான் வாங்க வேண்டும். அதனால் கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே பெயர், விமான நிறுவனத்தின் 6 எழுத்து பிஎன்ஆர் (டிக்கெட்டில் உள்ள பதிவுக் குறியீடு), பயணியின் சொந்த மொபைல் எண். இந்த மூன்றாவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். டிக்கெட் போட்டுத் தந்தவரின் எண்ணே பதிவாகியிருக்கும். நேர மாற்றம், கேட் மாற்றம் எல்லாம் அவருக்குப் போய்விடும், பயணிக்கு ஒன்றும் தெரியாது. டிக்கெட் வந்த அன்றே விமான நிறுவனத்தின் தளத்தில் பிஎன்ஆர் போட்டு உள்ளே போய், எண்ணை மாற்றிவிடுங்கள்.

1. விலையைப் பார்க்கும்போதே விமானத்தின் வகையையும் பாருங்கள்

டிக்கெட் தேடும் பக்கத்தில் 'விவரங்கள்' என்று இருப்பதைத் திறந்தால் எந்த விமானம் என்று போட்டிருக்கும். போயிங் 777 என்றால் இன்று பெரும்பாலும் ஒரு வரிசைக்கு 3-4-3 ஆக 10 பேர். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 என்றால் பொதுவாக 3-3-3. ஏர்பஸ் ஏ330 என்றால் 2-4-2. கணவன் மனைவி இருவர் மட்டும் போகிறீர்கள் என்றால் அந்த ஓரத்து 2 சீட் பெரிய வரம். மூன்றாவது ஆள் தொந்தரவே கிடையாது.

முன் சீட்டுக்கும் உங்கள் சீட்டுக்கும் உள்ள இடைவெளி நீண்ட தூர விமானங்களில் பொதுவாக 31 அல்லது 32 அங்குலம். குறைந்த கட்டண நிறுவனங்களில் 28, 29 வரை இறங்கும். முட்டி வலி உள்ளவருக்கு அந்த 3 அங்குலத்தின் அருமை நாலாவது மணி நேரத்தில் தெரியும்.

787-லும் ஏ350-லும் இன்னொரு நன்மை உண்டு. பொதுவாக விமானத்துக்குள் காற்றழுத்தம் 8,000 அடி உயர மலையில் இருப்பது வரை குறையலாம். இந்த இரண்டிலும் அது சுமார் 6,000 அடி அளவிலேயே நிற்கும். இறங்கும்போது தலைபாரமும் அசதியும் கொஞ்சம் குறையும். விலை வித்தியாசம் சிறியது என்றால் நான் இவற்றைத்தான் போடச் சொல்வேன்.

இரண்டு விமானத்துக்கும் நடுவே 3 மணி நேரம் இருக்கட்டும். 2 மணிக்குக் கீழே என்றால் வயதானவர்கள் ஓட வேண்டியிருக்கும். 6, 7 மணி நேரம் என்றால் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தே இடுப்பு போய்விடும். கடைசி வரை ஒரே பிஎன்ஆரில் டிக்கெட் இருப்பதும் முக்கியம். தனித்தனியாக எடுத்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

நம் பக்கத்துக்கு மட்டுமே உரிய ஒரு விஷயம்: பத்மநாபசுவாமி கோயிலின் பங்குனி, ஐப்பசி ஆராட்டு (சுவாமியைக் கடலில் நீராட்டும்) ஊர்வலங்கள் விமான நிலைய ஓடுபாதை வழியாகத்தான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். அந்த இரண்டு நாளும் சாயங்காலம் சில மணி நேரம் ஓடுபாதையை மூடுவார்கள், விமான நேரங்கள் மாறும். மார்ச்-ஏப்ரலிலோ அக்டோபர்-நவம்பரிலோ டிக்கெட் எடுக்கிறீர்கள் என்றால் ஆராட்டுத் தேதியைப் பார்த்துவிட்டு எடுங்கள்.

2. டிக்கெட் கைக்கு வந்ததும் சீட்

மலிவான டிக்கெட்டில் சீட் தேர்வுக்குத் தனிக் காசு கேட்பார்கள். இரண்டு விமானத்துக்கும் கொடுக்க வேண்டியதில்லை. நீண்ட விமானத்துக்கு மட்டும் கொடுங்கள். 4 மணி நேரத்தை எந்த சீட்டிலும் ஓட்டிவிடலாம். காசு கொடுக்க மனமில்லை என்றால் ஆன்லைன் செக்-இன் திறக்கிற நேரத்துக்குக் காத்திருங்கள். நிறுவனத்தைப் பொறுத்து 48 அல்லது 24 மணி நேரம் முன்பு திறக்கும். அப்போது மிச்சமிருக்கிற சீட்டுகள் பெரும்பாலும் இலவசமாகக் கிடைக்கும். அரை மணி நேரம் தாமதித்தாலும் நடு சீட்டுதான் மிஞ்சும்.

தம்பதியாகப் போகிறவர்கள் ஓரத்து மூன்றில் இரண்டைப் பிடிக்காதீர்கள். நடுவில் உள்ள வரிசையில் வழியோர சீட்டும் அதை ஒட்டிய சீட்டும் எடுங்கள். காரணம் இது: ஜன்னலோரம் உட்கார்ந்தால் பாத்ரூம் போகிற ஒவ்வொரு தடவையும் அந்நியரை எழுப்ப வேண்டும். வயதானவர்கள் கூச்சப்பட்டு எழுந்திருக்கவே மாட்டார்கள், அதற்காகத் தண்ணீரும் குடிக்க மாட்டார்கள். நடு வரிசையில் என்றால் உங்களுக்கு ஒரு பக்கம் வழி, அடுத்தவருக்கு மறுபக்கம் வழி.

அவசர வழிக்குப் பக்கத்தில் கால் நீட்ட நல்ல இடம் உண்டு. ஆனால் ஆபத்து நேரத்தில் கதவைத் திறக்க உடல்பலம் உள்ளவர்களுக்கு மட்டும்தான் அந்த சீட். வீல்சேர் கேட்டவருக்குத் தர மாட்டார்கள். தடுப்புச் சுவருக்கு முன்னால் உள்ள முதல் வரிசையும் தாராளம்தான். ஆனால் கைக்குழந்தைத் தொட்டில் அங்கேதான் மாட்டுவார்கள். சாப்பாட்டுப் பலகை கைப்பிடிக்குள்ளேயே மடிந்திருப்பதால் கைப்பிடியைத் தூக்கவும் முடியாது. கடைசி வரிசை வேண்டவே வேண்டாம். சில விமானங்களில் அங்கே சீட் சாயாது, பாத்ரூம் வரிசை தலைமாட்டிலேயே நிற்கும்.

3. சாப்பாடு: இரண்டு விமானத்துக்கும் தனித்தனியாகப் பதியுங்கள்

தனி உணவைக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு கேட்க வேண்டும். டிக்கெட் எடுத்த அன்றே பதிந்துவிடுவது நல்லது. பதிந்த பிறகு இரண்டு விமானத்திலும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பல நேரம் முதலாவதில் மட்டும்தான் ஏறியிருக்கும்.

அடிக்கடி நடக்கிற தவறு: சைவக்காரர் பட்டியலில் 'இந்து உணவு' என்று பார்த்ததும் அதைத் தட்டிவிடுவார். எச்என்எம்எல் என்ற அந்தக் குறியீடு மாட்டிறைச்சியும் பன்றியும் இல்லாத அசைவச் சாப்பாடு. தட்டைத் திறந்தால் கோழி இருக்கும். நம் ஊர்ச் சுவையில் சைவம் வேண்டும் என்றால் ஏவிஎம்எல். விஜிஎம்எல் என்பதில் பால், தயிர் எதுவும் இருக்காது. விஎல்எம்எல் மேல்நாட்டுச் சைவம், முட்டை வரலாம்.

சர்க்கரை நோயாளி உணவு டிபிஎம்எல். அதிலும் இறைச்சி இருக்கலாம். பொதுவாக ஒரு விமானத்துக்கு ஒரு வகையைத்தான் பதிய முடியும். அதனால் சைவக்காரரான சர்க்கரை நோயாளி ஏவிஎம்எல் போட்டுவிட்டு, தட்டில் வரும் இனிப்பைத் தொடாமல் இருப்பதே வழி.

தனி உணவு மற்றவர்களுக்கு முன்பே, உங்கள் சீட் எண்ணைத் தேடி வரும். நடுவில் சீட் மாறி உட்கார்ந்தால் பணியாளரிடம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் தட்டு வேறு ஆளிடம் போய்விடும்.

மேலே வறண்ட காற்றிலும் குறைந்த அழுத்தத்திலும் நாக்குக்கு உப்பும் இனிப்பும் மட்டுப்பட்டுத்தான் தெரியும். சாப்பாடு சப்பென்று இருப்பதற்குச் சமையல்காரர் மட்டும் காரணமில்லை. ஒரு சின்னப் பொட்டலத்தில் இட்லிப் பொடி எடுத்துப் போங்கள். ஏத்தங்காய் சிப்ஸ், முறுக்கு, சப்பாத்தி எல்லாம் கைப்பையில் வைக்கலாம். தயிர், சாம்பார், ஊறுகாய் திரவக் கணக்கில் வரும், 100 மில்லிக்கு மேல் பாதுகாப்புச் சோதனையில் நிறுத்திவிடுவார்கள். மீந்த சாப்பாட்டை அமெரிக்காவில் வெளியே கொண்டுபோகாதீர்கள். பழம், இறைச்சி எல்லாம் அங்கே பெரிய விவகாரம்.

4. வீல்சேர், அல்லது வழிகாட்ட ஒரு ஆள்

48 மணி நேரம் முன்பே சொல்ல வேண்டும். மூன்று வகை உண்டு. நீண்ட தூரம் நடக்க முடியாது, படி ஏறுவேன் என்றால் டபிள்யூசிஎச்ஆர். படியும் ஏற முடியாது என்றால் டபிள்யூசிஎச்எஸ். சீட் வரைக்கும் கொண்டுவிட வேண்டும் என்றால் டபிள்யூசிஎச்சி. உண்மை நிலையைச் சொல்லுங்கள். கௌரவம் பார்த்துக் குறைத்துச் சொன்னால் விமானத்தின் படிக்கட்டுக்குக் கீழே நின்று திணற வேண்டியிருக்கும்.

நன்றாக நடப்பார், ஆனால் ஆங்கிலம் தெரியாது, தனியாகப் போகிறார் என்றால் 'மீட் அண்ட் அசிஸ்ட்' என்று கேளுங்கள். சில நிறுவனங்கள் இலவசமாகவே செய்கின்றன, சில காசு வாங்குகின்றன.

இதோடு ஒரு அட்டை எழுதுங்கள். அரைத்தாள் போதும். மேல் பாதியில் ஆங்கிலத்தில்: பெயர், பிஎன்ஆர், இரண்டு விமானத்தின் எண், சீட் எண், சாப்பாட்டு வகை, சாப்பிடும் மருந்துகள், பிள்ளையின் தொலைபேசி எண். கீழ்ப் பாதியில் 'தண்ணீர் வேண்டும்', 'தலை சுற்றுகிறது', 'அடுத்த விமானத்துக்கு எந்த கேட்', 'என் மகனுக்கு ஒரு போன் செய்து தாருங்கள்' என்று தமிழில் ஒரு வரி, அதற்கு நேராக ஆங்கிலத்தில் ஒரு வரி. வேண்டிய வரியில் விரல் வைத்துக் காட்டினால் போதும். திருவனந்தபுரத்தில் பலகைகள் மலையாளத்திலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். எல்லையில் உள்ள களியக்காவிளை தாண்டியதுமே தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர் கண்கட்டிவிட்டது போல ஆகிவிடுகிறார். அந்த அட்டையை நான் டிக்கெட்டுக்கு அடுத்த முக்கியமான தாளாக நினைக்கிறேன்.

5. பெட்டியை மூன்றாகப் பிரியுங்கள்

பெரிய பெட்டி கீழே போய்விடும், கடைசி ஊரில்தான் பார்ப்பீர்கள். கைப்பெட்டி தலைக்கு மேலே. காலடியில் ஒரு சின்னத் துணிப்பை. இந்த மூன்றாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். மருந்து, கண்ணாடி, ஸ்வெட்டர் எல்லாவற்றையும் கைப்பெட்டியில் பூட்டி மேலே வைத்துவிட்டு, அதை எடுக்கச் சொல்ல ஆள் தேடுவார்கள்.

துணிப்பையில் இருக்க வேண்டியவை: பயணத்துக்கும் கூடுதலாக 2 நாளைக்கும் மாத்திரை, மருத்துவர் சீட்டு, அந்த அட்டை, பேனா, மெல்லிய சால்வை, காலுறை, காலித் தண்ணீர் பாட்டில், ஈரத் துடைப்புத்தாள், ஒரு செட் உள்ளாடை. இன்சுலினைக் கீழே போகிற பெட்டியில் வைக்கவே கூடாது. அங்கே குளிரில் உறைந்து கெட்டுப்போகலாம். பவர் பேங்கும் கையோடுதான் வர வேண்டும். ஆனால் எமிரேட்ஸ் 2025 அக்டோபர் 1 முதல் விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தத் தடை போட்டிருக்கிறது. அதனால் போனை முழுதாகச் சார்ஜ் செய்துவிட்டு ஏறுங்கள்.

பெரிய பெட்டியில் கொப்பரை வைக்காதீர்கள். எண்ணெய்ப் பசையால் தீப்பிடிக்கும் பொருள் என்று எடுத்துவிடுவார்கள். துபாய், அபுதாபி வழியாகப் போகிறவர்கள் கசகசாவைத் தொடவே கூடாது. ஐக்கிய அரபு அமீரகத்தில் அது போதைப்பொருள் சட்டத்தில் வரும். மகளுக்கு மசாலா அரைத்துக் கொடுத்துவிடுகிற அம்மாக்கள் அதில் கசகசா சேர்த்திருக்கிறதா என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

6. புறப்படும் நாள்

தளர்வான பருத்தி உடை போடுங்கள். புடவையேதான் வேண்டும் என்பவர்கள் நூல் புடவை கட்டுங்கள், பட்டு வழுக்கும். செருப்போ ஷூவோ கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும், கால் வீங்கும்.

எல்லையை ஒட்டிய காரோடு என்ற ஊரில் பைபாஸ் ஏறினால் பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் நெரிசல் இல்லாமல் சாக்கை வரை போய்விடலாம். ஓட்டுநரிடம் 'ஏர்போர்ட்' என்று மட்டும் சொன்னால் சங்குமுகத்தில் உள்ள உள்நாட்டு முனையத்தில் இறக்கிவிட வாய்ப்புண்டு. வெளிநாட்டு முனையம் சாக்கைப் பக்கம். நடுவில் ஓடுபாதை இருப்பதால் நடந்து மாற முடியாது, சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். 3 மணி நேரம் முன்பே போய்ச் சேருங்கள். வாசலுக்கு உள்ளே டிக்கெட் உள்ளவருக்குத்தான் அனுமதி, வழியனுப்ப வந்தவர்கள் சொல்ல வேண்டியதை வெளியிலேயே சொல்லிவிட வேண்டும்.

செக்-இன் கவுண்டரில் மூன்று கேள்வி கேளுங்கள்: பெட்டி எந்த ஊர் வரைக்கும் போகிறது? இரண்டு போர்டிங் பாஸும் தந்துவிட்டீர்களா? நீண்ட விமானத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் சீட் பக்கத்தில் பக்கத்தில்தானா? பிரிந்திருந்தால் அங்கேயே கேட்பதுதான் சுலபம். நடக்கவில்லை என்றால் கேட்டில் கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் எல்லோரும் ஏறி முடித்த பிறகு பணியாளரிடம் கேளுங்கள். நீங்களாகவே அடுத்தவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டால் பேச்சு தடித்துவிடும்.

சோதனை முடிந்ததும் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள்.

7. சீட்டில் உட்கார்ந்த முதல் கால் மணி நேரம்

முதலில் பொத்தான்களைப் பழகுங்கள். பல்பு படம் விளக்கு, மனிதர் படம் பணியாளரை அழைக்க. விளக்கென்று நினைத்து ஆள் படத்தை அழுத்திவிட்டு, அவர் வந்து நின்றதும் பதறுகிறவர்கள் நிறைய. பதற வேண்டாம், சிரித்துவிட்டு இன்னொரு தடவை அழுத்தினால் அணைந்துவிடும்.

வழியோர சீட்டின் வெளிக் கைப்பிடி தூக்க வராது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான விமானங்களில் அதன் அடியில், பின்பக்க மூட்டுக்கு அருகே ஒரு சின்ன விசை இருக்கும். விரலால் தடவிப் பார்த்து அழுத்திக்கொண்டே தூக்கினால் கைப்பிடி மேலே போய்விடும். முட்டி மடங்காதவர்கள் பக்கவாட்டில் கால் போட்டு எழுந்திருக்க இது பெரிய உதவி. விசை கிடைக்கவில்லை என்றால் பணியாளரிடம் கேளுங்கள்.

திரை வேலை செய்கிறதா, சீட் சாய்கிறதா என்று இப்போதே பாருங்கள். பழுது என்றால் விமானம் நிரம்புவதற்குள் சொன்னால் இடம் மாற்றித் தர வழி இருக்கும். கைக்கடிகாரத்தை இறங்கும் ஊர் நேரத்துக்கு மாற்றிவிடுங்கள், எப்போது தூங்குவது என்று அதை வைத்தே முடிவு செய்யலாம்.

8. கேட்டு வாங்குவது

நம் ஊர்ப் பெரியவர்கள் பட்டினியாக வருவதற்கு ஒரே காரணம், காசு கேட்பார்களோ என்ற பயம். நீண்ட தூரம் பறக்கும் முழுச்சேவை நிறுவனங்களில் சாப்பாடு, தண்ணீர், ஜூஸ், டீ, காபி எல்லாம் டிக்கெட்டில் அடக்கம். இரண்டாவது முறை கேட்டாலும் காசில்லை. குறைந்த கட்டண நிறுவனங்களில் மட்டும்தான் விலை. எதில் போகிறார்கள் என்று வீட்டிலேயே சொல்லி அனுப்புங்கள்.

எப்போது கேட்பது என்பதும் முக்கியம். ஏறும்போதும் இறங்கும்போதும் பணியாளர்கள் பாதுகாப்பு வேலையில் இருப்பார்கள். சாப்பாட்டு வண்டி வழியில் நிற்கும்போது அவர்களால் திரும்பக்கூட முடியாது. பொதுவாக முதல் சாப்பாடு கிளம்பிய ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் வரும். கடைசிச் சாப்பாடு இறங்க 2 மணி நேரம் முன்பு. நடுவில் விளக்கை அணைத்துவிடுவார்கள். அந்த நேரத்தில் பின்பக்கச் சமையலறைக்கு நடந்து போய்க் கேளுங்கள். பிஸ்கட், சாண்ட்விச், பழம் என்று ஏதாவது வைத்திருப்பார்கள். வெந்நீர், இன்னொரு போர்வை, தலையணை கேட்கலாம். பல் துலக்கும் பிரஷ், கண்மூடி, காலுறை சில நிறுவனங்களில் கேட்டால்தான் தருவார்கள். இப்படி நடந்து போனால் காலும் நீண்ட மாதிரி ஆகும்.

மொழி தெரியாதே என்று தயங்காதீர்கள். வளைகுடா விமானங்களில் மலையாளமோ இந்தியோ பேசுகிற பணியாளர் பெரும்பாலும் இருப்பார். நம் பக்கத்து ஆட்களுக்கு மலையாளம் கொஞ்சமாவது வரும். யாரும் இல்லை என்றால் அட்டையைக் காட்டுங்கள்.

9. பாத்ரூம்

கதவில் கைப்பிடி தேடி நிற்காதீர்கள். பெரும்பாலும் நடுவில் மடியும் கதவு, மடிப்பின் மேல் கை வைத்துத் தள்ளினால் உள்ளே போகும். உள்ளே போனதும் தாழ்ப்பாளை நகர்த்துங்கள். அப்போதுதான் விளக்கு முழுதாக எரியும். இருட்டில் தடுமாறுகிறவர்கள் தாழ் போடாதவர்களே. தண்ணீர் திறக்கும் சத்தம் திடுக்கிட வைக்கும், மூடியை மூடிவிட்டு அழுத்துங்கள்.

கழுவ நம் ஊர்க் குழாய் பெரும்பாலும் இருக்காது. ஒரு காலி அரை லிட்டர் பாட்டிலைக் கையோடு கொண்டுபோய் முகம் கழுவும் குழாயில் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு தாளால் தரையையும் இருக்கையையும் துடைத்துவிட்டு வாருங்கள். அடுத்தவர் வழுக்கி விழக்கூடாது.

சாப்பாடு முடிந்ததும் நீண்ட வரிசை நிற்கும். வண்டி கிளம்பும் முன்பே போய்விட்டு வாருங்கள். இறங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது இன்னொரு முறை.

10. காலும் தூக்கமும்

4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து சுமார் இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. மொத்த ஆபத்து சிறியதுதான், சுமார் 6,000 பேரில் ஒருவர். ஆனால் வயது, உடல் எடை, சமீபத்திய அறுவைச் சிகிச்சை, கர்ப்பம் எல்லாம் அதைக் கூட்டும். இவர்கள் முன்பே மருத்துவரிடம் கேட்டு, இறுக்கக் காலுறை வேண்டுமா, எந்த அளவு என்று தெரிந்துகொள்ளுங்கள். கண்ட அளவில் வாங்கிப் போடாதீர்கள்.

மற்ற எல்லோரும் விழித்திருக்கும் நேரத்தில் ஒன்றரை, இரண்டு மணிக்கொரு முறை எழுந்து நடங்கள். உட்கார்ந்தபடியே குதிகாலை ஊன்றி முன்பாதத்தைத் தூக்கி இறக்குங்கள், கெண்டைக்கால் தசைதான் ரத்தத்தை மேலே தள்ளுகிறது. விமானக் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள்.

தூங்கும்போது போர்வைக்கு மேலே சீட் பெல்ட்டைப் போடுங்கள். உள்ளே போட்டால், விமானம் குலுங்கும்போது பெல்ட் இருக்கிறதா என்று பார்க்கப் பணியாளர் எழுப்புவார். சாயும் முன் பின்னால் ஒரு பார்வை, பின் சீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

11. நடுவில் மாறும்போதும், இறங்கிய பிறகும்

வீல்சேர் கேட்டவர்கள் எல்லோரும் இறங்கும் வரை சீட்டிலேயே இருங்கள். கூட்டத்தோடு எழுந்து நடந்துவிட்டால் உங்களைக் கூட்டிப்போக வந்தவர் வாசலில் தேடிக்கொண்டிருப்பார். துபாயிலும் தோஹாவிலும் ஒரு காத்திருப்பு இடத்தில் விட்டுவிட்டு, கேட் திறக்கும்போது மறுபடி வருவார்கள். அங்கிருந்து நகராதீர்கள். பாத்ரூம் போவதென்றால் சொல்லிவிட்டுப் போங்கள்.

அமெரிக்காவுக்குள் இன்னொரு உள்நாட்டு விமானம் இருந்தால், பெரும்பாலும் முதலில் இறங்கும் ஊரிலேயே பெட்டியை எடுத்துச் சுங்கம் தாண்டி மறுபடி போட வேண்டும். 'கடைசி ஊர் வரை போகும்' என்று இங்கே சொன்னதை நம்பி நேராக நடந்துவிடுகிறார்கள். பெட்டி அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

பெட்டி உடைந்திருந்தாலும் வராவிட்டாலும் வெளியே போகும் முன்பே விமான நிறுவனத்தின் கவுண்டரில் பதிந்து, எண்ணோடு தாள் வாங்குங்கள். சர்வதேச விமானப் பயணத்துக்கான மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி சேதத்துக்கு 7 நாளுக்குள்ளும், தாமதத்துக்குப் பெட்டி கைக்கு வந்ததிலிருந்து 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். திரை ஓடவில்லை, பதிந்த சாப்பாடு வரவில்லை என்றால் பறக்கும்போதே தலைமைப் பணியாளரிடம் சொல்லிக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சீட் எண் தெரிய ஒரு படம் எடுத்துவையுங்கள். ஊர் போய்ச் சேர்ந்து தூங்கி எழுந்த பிறகு, பிள்ளையை விட்டு நிறுவனத்தின் தளத்தில் பிஎன்ஆரோடு எழுதச் சொல்லுங்கள். போர்டிங் பாஸையும் பெட்டிக்கு ஒட்டிய சீட்டையும் அதுவரை தூக்கி எறிய வேண்டாம்.